"டிரெயினிங்" என்றால் என்ன? கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்வோம்



முக்கூடல், சேரன்மகாதேவி பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போனால் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "எம் மக கம்பெனியில டிரெயினிங்ல இருக்கா." எத்தனை மாசம் டிரெயினிங், என்ன பேப்பர் கொடுத்தாங்க என்று கேட்டால் பல அம்மாக்களுக்குப் பதில் தெரிவதில்லை. "ஏதோ கையெழுத்து கேட்டாக, போட்டேன்" என்கிறார்கள்.

இந்த ஒரு சொல்லை வைத்து நம் பெண்பிள்ளைகளை எப்படி ஏமாற்றினார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2000-களில் 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களில் இருந்து கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். ஏட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயர் 'பயிற்சியாளர்'. செய்ததோ முழு வேலை. இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தவர்கள் பலருக்கு அந்த மொத்தப் பணம் கைக்கு வரவே இல்லை.

உண்மையான பயிற்சி என்றால் என்ன என்பதற்கு நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம், 1961. நம்ம பேச்சில் 'அப்ரண்டிஸ் சட்டம்'. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 14 வயது முடிந்திருக்க வேண்டும். ஆபத்தான தொழில் என்றால் 18.

முதலில் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பெற்றோர் அல்லது காப்பாளர். அதாவது நீங்கள். என்ன தொழில், எத்தனை மாசம், மாதம் எவ்வளவு என்று அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியவில்லை என்றால் குழுவின் கணக்காளரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தை அரசிடமும் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் எங்கே என்று கேட்டுவிட்டால் போதும், போலி எது நிஜம் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். 2019-ல் வந்த விதிப்படி, 5 முதல் 9-ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்குக் குறைந்தது ரூ.5,000, பத்தாவது முடித்தவர்களுக்கு ரூ.6,000, பன்னிரண்டாவது என்றால் ரூ.7,000, ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தாலும் ரூ.7,000. இரண்டாம் வருஷம் 10 சதவீதம் கூட்டித் தர வேண்டும். 2025 மே மாதம் இந்தத் தொகையை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரை செய்தார்கள். அதனால் சேரும்போது அன்றைக்கு உள்ள தொகை என்ன என்று விசாரியுங்கள். "மூணு வருஷம் கழிச்சு மொத்தமா தாறோம்" என்ற பேச்சுக்கு இந்தச் சட்டத்தில் இடமே கிடையாது.

இன்னொன்று, பீடி சுற்றும் நம் சகோதரிகளுக்குச் சட்டென்று புரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது போல எண்ணிக்கைக் கூலி பழகுநருக்குக் கூடாது. அவர் வந்திருப்பது தொழில் கற்க. உருப்படிக் கணக்கு வைத்தால் கற்றுக்கொடுப்பது போய்விடும், விரட்டி வேலை வாங்குவதுதான் நடக்கும். அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லவும் கூடாது. பயிற்சியில் அடிபட்டால் நிறுவனமே இழப்பீடு தர வேண்டும்.

இந்தச் சட்டத்தில் எங்களுக்குக் குறையாகப் படுவதையும் சொல்லிவிடுகிறோம். பழகுநர் 'தொழிலாளி' அல்ல என்கிறது சட்டம். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அப்படியானால் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? சான்றிதழ்தான். தேர்வு எழுதி வாங்கும் தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழை எந்த ஊர்க் கம்பெனியிலும் காட்டலாம். கம்பெனி லெட்டர்பேடில் அடித்துக் கொடுக்கும் தாளுக்கு அந்த மதிப்பு கிடையாது.

ஊருக்கு ஊர் முளைக்கும் பயிற்சி மையங்களுக்கும் இதே கேள்விதான். முன்பு என்.சி.வி.டி. என்ற தேசியக் குழு அங்கீகாரம் கொடுத்தது. 2020 முதல் அதன் பொறுப்புகள் என்.சி.வி.இ.டி. என்ற புதிய குழுவிடம் இருக்கின்றன. பேட்டை, அம்பாசமுத்திரம் அரசு ஐ.டி.ஐ.களில் முறைப்படி தேர்வெழுதி வாங்கும் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். அதை விட்டுவிட்டு, நகையை அடகு வைத்துத் தனியார் மையத்தில் ஆயிரக்கணக்கில் கட்டும் முன்னால் "அங்கீகாரம் யார் கொடுத்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பணமே கட்டாமலும் படிக்கலாம். 2014-ல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் 15 முதல் 35 வயது வரை சேரலாம். பெண்களுக்கு 45 வரை. சுய உதவிக்குழு உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் சேரத் தகுதி உண்டு. நீங்கள் குழுவில் இருப்பதே உங்கள் மகளுக்கு ஒரு தகுதி என்பது பல வீடுகளில் தெரியாமலே இருக்கிறது. மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் 2025 பிப்ரவரியில் திறந்த டாடா பவர் சூரியத் தகடு ஆலையில் வேலைக்கு எடுப்பது பெரும்பாலும் பெண்களைத்தான். இன்னும் ஆலைகள் வரும். ஆள் கூட்டிப் போக ஏஜெண்டுகளும் வருவார்கள். அவர்கள் நீட்டும் தாளில் சந்தேகம் இருந்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் காட்டிக் கேட்கலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, மகளோ மகனோ 'டிரெயினிங்'கில் இருக்கும் சகோதரிகள் அந்தப் பேப்பரின் நகலைக் கையோடு கொண்டு வாருங்கள். உட்கார்ந்து வரிக்கு வரி வாசிப்போம்.