இரவில் இரையும் கணினியும் நமது நித்திரையும்



மொன்றியலில் நம்மவர்கள் பலர் மூன்றரை, நாலரை என்று சொல்லப்படும் அப்பார்ட்மென்ட்களில் வாழ்கிறார்கள். படிப்பதற்கென்று தனி அறை கிடையாது. பிள்ளையின் மேசைக் கணினி படுக்கையறையிலேயே இருக்கிறது. அதே அறையில் தம்பியோ அம்மம்மாவோ படுக்கிறார். சில வீடுகளில் இரவு வேலை முடித்து வந்த அப்பா பகலில் அங்கேதான் நித்திரை கொள்கிறார்.

"நித்திரை வருகுதில்லை டொக்டர்" என்று வருபவர்களிடம் கோப்பி, தேநீர், கைத்தொலைபேசி பற்றி விசாரிப்பது வழக்கம். படுக்கையறையில் என்ன சத்தம் கேட்கிறது என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே. கணினி விசிறியின் இரைச்சலும் அதில் ஒன்று. நித்திரை மாத்திரையைப் பற்றி யோசிக்கும் முன் அந்த விசிறியின் வேகத்தைச் சரிசெய்து பார்க்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

இரைச்சல் உடலுக்கு என்ன செய்கிறது?

ஒலியின் அளவை டெசிபெல் என்ற அலகால் குறிப்பார்கள். 10 டெசிபெல் கூடினால் நமது காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபெலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியது. தூசி அடைத்த ஒரு கணினி, வேலை கூடும்போது 40 டெசிபெலைத் தாண்டிவிடும்.

இதனால் காது செவிடாகுமா என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. கியூபெக்கில் வேலைத்தளங்களுக்கான எல்லை, 8 மணி நேர வேலைக்கு, 2023 யூன் 16 முதல் 85 டெசிபெல். வீட்டுக் கணினி அந்த அளவை நெருங்குவதில்லை. ஆனால் விசிறிச் சத்தத்தை மறைப்பதற்காகப் பிள்ளைகள் ஹெட்போனின் ஒலியைக் கூட்டினால், அது காதைப் பாதிக்கலாம்.

விசிறிச் சத்தம் பாதிப்பது நித்திரையைத்தான். நாம் உறங்கும்போதும் காது உறங்குவதில்லை. சத்தம் கேட்டு நாம் விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சிறிது நேரம் ஏறக்கூடும். ஆழ்ந்த நித்திரை கலையும். இதில் முக்கியமான விடயம், ஒரே சீரான மெல்லிய சத்தத்தை விட ஏறி இறங்கும் சத்தமே நித்திரையைக் கூடுதலாகக் குழப்பும். சீரான விசிறிச் சத்தத்தில் நன்றாக உறங்குபவர்களும் இருக்கிறார்கள். கணினி விசிறியோ ஒரு நிமிடம் அடங்கி, மறு நிமிடம் சீறி எழும்.

போர்க்காலத்தை அனுபவித்து வந்த நம்மில் பலருக்கு நித்திரை மெல்லியது. வானத்தில் ஒரு சத்தம் கேட்டால் எழுந்து ஓடப் பழகிய உடல் அது. வருடங்கள் பல கழிந்தும், திடீரென எழும் இயந்திரச் சத்தத்துக்கு நெஞ்சு படபடக்க விழிப்பவர்கள் உண்டு. இதைப் பலவீனம் என்று நினைக்கவேண்டாம். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையில் சொல்வதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

கனடாவின் வழிகாட்டிகளின்படி 5 முதல் 13 வயது வரை 9 முதல் 11 மணி நேரமும், 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், 18 முதல் 64 வயது வரை 7 முதல் 9 மணி நேரமும் நித்திரை தேவை.

விசிறி ஏன் இரைகிறது?

கணினியின் புரோசெசர் வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை அளந்து, அதற்கேற்ப மதர்போட் விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். தூசி அடைத்தாலோ, காற்றுப் போக வழி இல்லாவிட்டாலோ விசிறி வேகமாகச் சுற்றவேண்டியிருக்கும். நமது வீடுகளில் யன்னலுக்குக் கீழே இருக்கும் பேஸ்போட் ஹீற்றருக்குப் பக்கத்தில் கணினிப் பெட்டியை வைத்தால், குளிர்காலம் முழுவதும் அது சூடான காற்றையே இழுக்கும்.

விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றோட்டமும் பாதியாகும். ஆனால் இரைச்சல் சுமார் 15 டெசிபெல் குறையும். எனவே சிறு குறைப்பிலும் நல்ல பலன் கிடைக்கும்.

செய்யவேண்டியவை

1. இடத்தை மாற்றுங்கள். கணினிப் பெட்டியைக் கம்பளத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். ஹீற்றரிலிருந்தும் கட்டிலின் தலைமாட்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டக்கூடாது.

2. தூசியை அகற்றுங்கள். கணினியை அணைத்து, மின்வயரைக் கழற்றி, பெட்டியைப் பல்கனிக்கோ வெளியிலோ கொண்டுபோய்த் திறவுங்கள். அழுத்தக் காற்றுக் குப்பியால் ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வக்கியூம் கிளீனரை உள்ளே விடவேண்டாம். நிலைமின்சாரத்தால் பாகங்கள் பழுதாகலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது.

3. வேகத்தைச் சரிசெய்யுங்கள். கணினியைத் தொடக்கும்போது டிலீற் அல்லது எவ் 2 விசையை அழுத்தினால் பெரும்பாலான கணினிகளில் பயோஸ் திறக்கும். அங்கே விசிறிக்கான பகுதியில் வெப்பநிலையும் வேகமும் ஒரு கோட்டுப்படமாகத் தெரியும். ஆசூஸ் மதர்போட்டில் இதற்குக் கியூ-பேன் என்றும், கிகாபைட்டில் ஸ்மார்ட் பேன் என்றும் பெயர். புரோசெசர் விசிறிக்கு உதாரணமாக 50 பாகை செல்சியஸ் வரை 35 சதவீதம், 70 பாகையில் 60 சதவீதம், 85 பாகையில் 100 சதவீதம் என்று தொடங்கலாம். மிகக் குறைந்த வேகத்திலும் விசிறி நிற்காமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

4. வேகம் மாறும் நேரத்தை நீட்டுங்கள். அதே பகுதியில் ஸ்டெப் அப் ரைம் போன்ற பெயரில் ஓர் அமைப்பு இருந்தால் அதைச் சில விநாடிகள் கூட்டுங்கள். அப்போது சூடு கணநேரம் ஏறினாலும் விசிறி உடனே சீறாது. நித்திரைக்கு மிகவும் உதவுவது இந்த மாற்றமே.

5. சோதித்துப் பாருங்கள். அரை மணி நேரம் விளையாட்டு ஒன்றையோ கனமான வேலை ஒன்றையோ ஓடவிட்டு வெப்பநிலையைப் பாருங்கள். பல புரோசெசர்கள் 95 முதல் 100 பாகையில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த எல்லையை நெருங்கினால் விசிறி வேகத்தைக் கூட்டவேண்டும்.

கிராபிக்ஸ் காட்டின் விசிறி பயோஸில் வராது. அதற்கு எம்.எஸ்.ஐ. ஆப்டர்பேர்னர் போன்ற இலவச மென்பொருள் உண்டு. டெல், எச்.பி. நிறுவனங்களின் பல அலுவலகக் கணினிகளில் விசிறி வேகத்தை மாற்ற இடமில்லை. அவற்றுக்குத் துப்புரவும் இடமாற்றமுமே வழி. புதிதாக வாங்குபவர்கள் சிறிய விசிறியை விட 120 அல்லது 140 மில்லிமீற்றர் விசிறி உள்ளதைத் தெரிவு செய்யலாம். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே போதிய காற்றைத் தரும்.

செய்யக்கூடாதவை

சத்தத்துக்குப் பயந்து கணினியைத் துணியால் மூடுவதும், பூட்டிய அலுமாரிக்குள் வைப்பதும், விசிறியின் வயரைக் கழற்றிவிடுவதும் ஆபத்தானவை. மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்கவேண்டாம். வயரைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

கோடைகாலத்தில் கவனம்

கணினி பயன்படுத்தும் மின்சாரம் கடைசியில் அறைக்குள் சூடாகவே வெளிவருகிறது. 300 வாட் எடுக்கும் கணினி, 300 வாட் ஹீற்றருக்குச் சமம். 2018 யூலையில் வந்த வெப்ப அலையில் மொன்றியலில் மட்டும் 66 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் முதியவர்கள். குளிர்சாதனம் இல்லாத அறையில் முதியவரோ குழந்தையோ படுத்தால், அந்த நாட்களில் கணினியை அணைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் செய்த விசிறி அமைப்பையும் யூன் மாதத்தில் மீண்டும் சோதியுங்கள்.

மற்ற நாட்களிலும் யாரும் பயன்படுத்தாத கணினியை இரவில் அணைத்துவிடுவதே எல்லாவற்றிலும் இலகுவான வழி.

எப்போது வைத்தியரைப் பார்க்கவேண்டும்?

- கணினியை அணைத்த பின்னும் காதுக்குள் இரைச்சல் கேட்டால்.
- வாரத்தில் மூன்று இரவுகளாவது நித்திரை இல்லாத நிலை மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால். இதற்கு மாத்திரையை விட, பழக்கங்களையும் எண்ணங்களையும் சீராக்கும் சிகிச்சையே முதலில் பரிந்துரைக்கப்படுகிறது.
- பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால்.
- கெட்ட கனவுகளும் பழைய நினைவுகளும் இரவில் எழுப்பினால். சொல்ல வெட்கப்படவேண்டாம். இதற்குச் சிகிச்சை உண்டு.

குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811 ஐ அழைத்தால் எந்த நேரமும் ஒரு தாதியுடன் பேசலாம். மொழி தடையாக இருந்தால் பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வார இறுதியில் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பயோஸைப் பற்றிப் பிள்ளைக்கு நம்மை விட நன்றாகத் தெரிந்திருக்கும். அதே அறையில் படுப்பவர் எத்தனை மணிக்கு விழிக்கிறார் என்பது பெற்றோருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்த வேகம் பொருத்தமானது என்பது விளங்கும்.