கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் எட்டும் ஊடக இயக்கி

பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் உதவும் ஊடக இயக்கியை, அதாவது மீடியா பிளேயரை, நாம் தனியாக எண்ணிப் பார்ப்பதில்லை. கோப்பைச் சொடுக்குகிறோம், ஓடுகிறது. ஆனால், பார்வையற்ற மாணவருக்கும், காது கேளாத மாணவருக்கும், விரல்களை எளிதில் அசைக்க இயலாத மாணவருக்கும் அதே கோப்பு பயன்படுமா? கணினித் துறை மாணவன் என்ற முறையில் இக்கேள்விக்கு விடை தேடினேன். விடையில் ஒரு பாதி மென்பொருள் செய்வோரிடமும் மறு பாதி நம்மிடமும் இருக்கிறது என்பதே நான் கண்ட முடிவு.

மென்பொருளின் பங்கு

பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையோடு கணினியை இயக்குகின்றனர். ஜாஸ், 2006இல் தொடங்கப்பட்ட இலவச மென்பொருளான என்.வி.டி.ஏ. ஆகியவை பலர் அறிந்தவை. இவை திரையில் உள்ளதைக் குரலாக்கித் தருகின்றன. ஆனால், பொத்தானுக்குப் பெயர் இருந்தால்தான் அதனைப் படிக்க முடியும். முக்கோணப் படத்தை வரைந்துவிட்டு, 'இயக்கு' என்ற பெயரை நிரலில் எழுதாமல் விட்டால், திரைவாசிப்பான் வெறுமனே 'பொத்தான்' என்றுதான் சொல்லும். ஐந்து பொத்தான்கள் இருந்தால் ஐந்து முறையும் அதே சொல்தான்!

1997இல் வெளிவந்த வினாம்ப் இயக்கியின் முகப்பு முழுவதும் படங்களே. இருந்தும் பார்வையற்றோர் பலர் அதனை விரும்பிப் பயன்படுத்தினர். காரணம் விசைப்பலகை. கீழ் வரிசையின் இடப்புறத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஐந்து எழுத்து விசைகள் முந்தைய பாடல், இயக்கு, இடைநிறுத்து, நிறுத்து, அடுத்த பாடல் என்று வேலை செய்தன. சுட்டியைத் தொடவே தேவையில்லை.

வி.எல்.சி. இயக்கியின் கதை மாணவர்களாகிய நமக்கு நெருக்கமானது. 1996இல் பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் செயல்திட்டமாகத் தொடங்கி, 2001இல் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது அது. அதில் இடைவெளி விசை படத்தை நிறுத்தும், மீண்டும் ஓட்டும். சதுர அடைப்புக்குறி விசைகள் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும், குறைக்கும். விரைவாகக் கேட்டுப் பழகிய பார்வையற்றோருக்கும், மெதுவாகக் கேட்டால்தான் விளங்கும் என்போருக்கும் இது உதவி. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த இயலாதவர், விசைகளைத் தமக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளவும் அதில் வழியுண்டு.

இணையப் பக்கங்களுக்கு 2008இல் வெளியான அணுகல் வழிகாட்டி நெறிகளின் இரண்டாம் பதிப்பும் இத்தகைய தேவைகளைப் பேசுகிறது. தானாக ஒலிக்கும் ஒலி மூன்று விநாடிக்கு மேல் நீடித்தால், அதனை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும். இல்லையேல் அது திரைவாசிப்பானின் குரலை அமுக்கிவிடும். ஒலியோடு கூடிய பதிவுப் படத்திற்கு வசனவரி வேண்டும் என்பதும் அதன் அடிப்படை நிலையிலேயே இடம்பெற்றுள்ளது.

நம்முடைய பங்கு

எவ்வளவு சிறந்த இயக்கியாயினும், எவரும் எழுதாத வசனவரியை அதனால் காட்ட முடியாது. நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் தகவலையும் தொழில்நுட்பத்தையும் அணுகும் உரிமையைக் கூறுகிறது. ஆனால் நம் சொற்போரையும் நாடகத்தையும் தமிழில் எழுத்தாக்கித் தர வேறு யார் வருவார்? அது தமிழ் மாணவர்களாகிய நம் வேலை.

செய்யும் முறை எளிது. நோட்பேட் போன்ற எழுதியில் முதல் வரியில் வரிசை எண், அடுத்த வரியில் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், அதன் கீழ் வசனம், பிறகு ஒரு வெற்று வரி. நேரத்தை இப்படி எழுத வேண்டும்:

00:00:05,000 --> 00:00:08,500

இதுவே எஸ்.ஆர்.டி. கோப்பு. படத்தின் பெயரையே இதற்கும் இட்டு, அதே உறையில் வைத்தால் வி.எல்.சி. தானாகவே எடுத்துக்கொள்ளும்.

நான் செய்து பார்த்ததில் கவனிக்க வேண்டியவையாகத் தோன்றியவை நான்கு.

முதலாவது, எழுத்துக் குறியாக்கம். பழைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவற்றில் தட்டச்சு செய்த கோப்பு பிற கணினியில் குழம்பிவிடும். திரைவாசிப்பானும் அதைத் தமிழென அறியாது. எனவே யூனிகோடில் தட்டி, யூ.டி.எஃப்-8 என்று சேமிக்க வேண்டும்.

இரண்டாவது, ஓசைகள். காது கேளாதவருக்கு வசனம் மட்டும் போதாது. (கைதட்டல்), (கதவு தட்டும் ஓசை) என்பனவும், பேசுபவர் திரையில் இல்லாதபோது அவர் பெயரும் வேண்டும்.

மூன்றாவது, பேச்சு வழக்கு. நாடகப் பாத்திரம் 'வந்துட்டாரு' என்றால் 'வந்துவிட்டார்' என்று திருத்தலாமா? கூடாது என்பது என் கருத்து. பாத்திரத்தின் இயல்பும், இடையிடையே கலக்கும் மலாய்ச் சொல்லின் சுவையும் மற்றவருக்குக் கிடைப்பதுபோல் அவருக்கும் கிடைக்க வேண்டும். மேடை உரைக்கு அதன் செந்தமிழே இருக்கட்டும்.

நான்காவது, பிழை. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் இன்று தமிழுக்கும் உண்டு. முதல் வரைவுக்கு அவை உதவும். ஆனால் 'வழி' என்பது 'வலி' என்று வந்தால், நாம் காதால் கேட்டுத் திருத்திக்கொள்வோம். காது கேளாதவருக்கு அந்த எழுத்தைத் தவிர வேறு சான்றில்லை. மெய்ப்பு பார்ப்பது இங்கே மரியாதையின் ஒரு பகுதி.

பார்வையற்றோரையும் மறக்கலாகாது. மேடையில் ஒருவர் பேசாமல் கடிதத்தைக் கிழித்தால் அவருக்குத் தெரிவது அமைதி மட்டுமே. அந்த அமைதியில் 'கடிதத்தைக் கிழிக்கிறாள்' என்று ஒரு குரல் சொல்லும்படி இரண்டாவது ஒலித்தடம் ஒன்றைச் சேர்க்கலாம், வி.எல்.சி. அதனை ஒரே விசையில் மாற்றிக் கொடுக்கும்.

பத்து நிமிடப் பதிவுக்கு வசனவரி எழுத ஒரு மாலைப் பொழுது செலவாகலாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒளிப்பதிவாளரை நியமிப்பதுபோல் வசனவரி எழுத ஒருவரையும் செயற்குழு நியமிக்கட்டும். பழைய பதிவுகளில் பேசுவது யார், பேசியது என்ன என்பது அன்று மேடையேறிய முன்னாள் மாணவர்களுக்கே தெரியும், அவர்களும் கைகொடுக்கட்டும். தமிழ் எல்லாருக்கும் உரியது என்று மேடையில் முழங்கும் நாம், அந்த முழக்கத்தையே எல்லாரும் அறியும்படி செய்வோமாக.