பாட்டிக்குத் தமிழில் தட்டுங்கள்
தம்பி தங்கைகளே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பாட்டிமார் உண்டு. பேரன் வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் “சாப்டீங்களா”ன்னு தட்டினா அவங்களுக்குப் படிக்க வராது.

தமிழில் தட்ட நேரமாகுமாம்! நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். அவருடைய செல்லினம் 2005இல் கைப்பேசிக்கு வந்தது. அதிலுள்ள தமிழ்99 விசைமுகத்தில் உயிரெழுத்து 12உம் இடப்பக்கம். மெய் பெரும்பாலும் வலப்பக்கம். அ, ம, ம, ஆ என்று 4 தட்டு. புள்ளி தானாக விழுந்து ‘அம்மா’ வந்துவிடும். ஆங்கில ஒலிப்படி தட்டினால் 5. அதுதான் சுலபம்னு என் கல்லூரி நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. நான் தமிழ்99 கட்சி. முதல் வாரம் விரல் தடுமாறும். பயந்து பழைய முறைக்கு ஓடிடாதீங்க.