நிறவெறியின் மூன்று படிகள்: நம் ஊர் சொல்லும் பாடம்



கிரேட் மாலுக்குப் போகாதவர் நம்மில் இருக்க முடியாது. 1994-ல் அது திறக்கப்படுவதற்கு முன், 1955 முதல் 1983 வரை, அங்கே ஃபோர்டு கார்த் தொழிற்சாலை இயங்கியது. நிறவெறி எப்படி வேலை செய்கிறது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த இடத்தின் கதையே போதும்.

ரிச்மண்டிலிருந்த தொழிற்சாலையை ஃபோர்டு 1955-ல் மில்பிடாஸுக்கு மாற்றியது. கறுப்பினத் தொழிலாளர்களுக்கு வேலை இருந்தது. ஆனால் பக்கத்தில் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. காரணம் என்ன?

முதல் படி, மனம். அவர்கள் வந்தால் தம் வீட்டின் விலை இறங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தார் அஞ்சினார்கள்.

இரண்டாம் படி, நிறுவனம். புது வீடு கட்டுவோர் பெரும்பாலும் வெள்ளையருக்கே விற்றார்கள். எல்லா இனத்தாரும் சேர்ந்து வாழும் குடியிருப்புகளுக்கான கடனுக்கு உத்தரவாதம் தர அரசின் வீட்டுவசதித் துறையும் மறுத்துவந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். முடிவை விதிப்புத்தகம் செய்துவிட்டது.

மூன்றாம் படி, சட்டம். இதில் நம்மவரும் அடிபட்டிருக்கிறார்கள். குடியுரிமை பெறத் தகுதியற்றோர் விளைநிலம் வாங்கக் கூடாது என்றது கலிஃபோர்னியாவின் 1913-ஆம் ஆண்டுச் சட்டம். 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் ‘வெள்ளையர்’ அல்லர், ஆகவே குடியுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல்தான் அந்தக் கதவு திறந்தது.

ஒரு படி மற்றொன்றைத் தாங்குகிறது. அச்சம் விதியாகிறது, விதி சட்டமாகிறது, சட்டமோ அச்சத்துக்கு நியாயம் கற்பிக்கிறது. ஆகவே, ‘என் மனதில் வெறுப்பில்லை’ என்று சொல்லிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது.

மில்பிடாஸில் அந்த வேலையைத் தொழிற்சங்கம் செய்தது. அதன் வீட்டுவசதிக் குழுவை நடத்திய பென் கிராஸும் தோழர்களும் பாடுபட்டு, எல்லா இனத்தாருக்கும் வீடு விற்ற சன்னிஹில்ஸ் குடியிருப்பை உருவாக்கினார்கள். கறுப்பினத்தவரான பென் கிராஸ் 1961-ல் நகர மன்ற உறுப்பினராகவும் 1966-ல் மேயராகவும் ஆனார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்திலிருந்த 1965-ல்தான் குடியேற்றச் சட்டமும் திருத்தப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் இந்நாட்டுக்கு வந்த வழி அதுவே. அந்தக் கடனை நாம் மறக்கலாகாது.

வீட்டில் கலந்து பேச:

1. வீட்டை வாடகைக்கு விடும்போது யார் பெயரைக் கேட்டதும் தயங்குகிறோம்?

2. பெண் பார்க்கையில் ‘நிறம் கொஞ்சம் மட்டு’ என்கிறோமே, அதைக் கேட்கும் குழந்தை என்ன கற்கிறது?

3. பிள்ளை எந்தத் தோழனை அழைத்து வந்தால் நம் முகம் மாறுகிறது?