எச்சம் தேடப் போகும் மகளுக்கு



கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலேறி, ஆய்வுக்கூட வேலைக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னார். தண்ணீரிலும் பழச்சாற்றிலும் இருக்கும் களைக்கொல்லி எச்சத்தைப் பசுமைக் கரைப்பானால் பிரித்தெடுக்கும் வேலை என்றதும் மனம் நிறைந்தது.

நம் ஊரும் பிரித்தெடுத்தே பிழைத்த ஊர்தான். டன் கணக்கான பாறைப்பொடியிலிருந்து சில கிராம் தங்கத்தைச் சயனைடால் கரைத்தெடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் ஊரைவிட்டுப் போனது, சயனைடு கழிவுப்பொடி மேடுகள் ஊரிலேயே நின்றுவிட்டன. காற்றுக்காலத்தில் அந்தப் பொடி வீட்டுக்குள் வருவதை நீ பார்த்து வளர்ந்தவள். அதனால் உன்னிடம் கேட்கிறேன்: எடுத்ததற்குக் கணக்கு எழுதுவதுபோல, மிச்சம் விடுவதற்கும் எழுது.

பழைய முறையில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிபுனலில் ஊற்றி, தடவைக்கு 60 மில்லி டைகுளோரோமீத்தேன் என மூன்று தடவை சேர்த்துக் குலுக்குவோம். அது 40 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். புனலைக் கவிழ்த்துக் குழாயைத் திறந்தால் உஸ்ஸென்று ஆவி சீறும். மனிதருக்குப் புற்றுநோய் தரும் வாய்ப்புள்ள பொருள் என்று அதை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஒரே மாதிரிக்கு 180 மில்லி!

இப்போது அதற்குப் பதிலாக நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பும் ஓம உப்பும் வாங்கு. மெந்தால், தைமால் என்று நீ படித்தவை இவைதான். ஒன்று 42 டிகிரியில் உருகும், மற்றது 50க்குப் பக்கத்தில். இரண்டையும் ஒரு சிறு பாட்டிலில் சமமாகப் போட்டுக் குலுக்கினால், படிகங்களின் ஓரம் ஈரமாகி, மெல்ல மெல்ல முழுவதும் தெளிந்த திரவமாகிவிடும். கற்பூரமும் சேர்த்து வயிற்றுவலிக்கு அமிர்ததாரா என்று வைத்திருந்தார்களே, அதே சங்கதி. 2003இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் வேதியியலாளர் அபாட் குழுவினர் கோலின் குளோரைடையும் யூரியாவையும் இப்படி இளக்கிக் காட்டிய பிறகு, தனித்தனியே திடமாயிருந்து சேர்ந்ததும் திரவமாகும் இந்த யூடெக்டிக் கரைப்பான்கள் பெரிய துறையாயின. அந்தக் கோலின்–யூரியா கலவை தண்ணீரில் கரைந்துபோகும், உனக்கு உதவாது. மெந்தால்–தைமால் தண்ணீரோடு ஒட்டாமல் மேலே மிதக்கும். பத்து மில்லி தண்ணீருக்கு நூறு மைக்ரோலிட்டர் அளவே போதும்.

ஆனால் பசுமை என்ற பெயர் உன் எண்ணைச் சரியாக்காது. 2,4-டி என்ற களைக்கொல்லி ஓர் அமிலம், தண்ணீரின் பிஎச்சை 2க்குக் கீழே இறக்காவிட்டால் அது கரைப்பானுக்குள் முழுதாக வராது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியோ எந்த அமிலம் விட்டாலும் தண்ணீரை விட்டு நகராது. 'இல்லை' என்று அறிக்கை எழுதுமுன் இதை நினை. தைமால் புற ஊதா ஒளியை உறிஞ்சும், எனவே எச்சமில்லாத வெற்று மாதிரியை (பிளாங்க்) ஓட்டாமல் கருவி வரைபடத்தின் எந்தச் சிகரத்தையும் நம்பாதே. மாம்பழச்சாறு இன்னும் படுத்தும். கூழும் பெக்டினும் நடுவில் நுரைத்து நிற்கும், அடுக்கு பிரியாது. நீர்க்கச் செய்து, சுழற்றித் தெளிய வை. ஒப்பிடும் ஸ்டாண்டர்டையும் எச்சமில்லாத சாற்றிலேயே தயாரி. தெரிந்த அளவு சேர்த்த எச்சத்தின் மீட்பு 70 முதல் 120 சதவீதத்துக்குள் திரும்பத் திரும்ப வந்தால்தான் முறை நிற்கும்.

எச்சரிக்கை வீணல்ல. பாட்டில் தண்ணீரில் ஒரு பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரம். 2003இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் குளிர்பானங்களில் எச்சம் இருப்பதாகச் சொன்னபோது, நிறுவனங்கள் அதன் ஆய்வுக்கூடத்தையே சந்தேகித்தன. நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரித்து, 2004இல் எச்சம் இருந்தது உண்மை என்றது. உன் நோட்டுப் புத்தகமும் அப்படியொரு விசாரணையைத் தாங்க வேண்டும்.

தைமால் மீனுக்கு விஷம். மிஞ்சிய கரைப்பானைக் கொஞ்சம்தானே என்று கழுவுதொட்டியில் ஊற்றிவிடாதே.

நம் ஊருக்குக் குடிதண்ணீர் தந்த பேத்தமங்கலா ஏரியில் ஒரு மாதிரி எடுத்துப் பார். எனக்கு எழுதும்போது மீட்புச் சதவீதத்தோடு, கழிவுக் கேனில் எத்தனை மில்லி சேர்ந்தது என்பதையும் எழுது.