தராசுத் தட்டில் தெரியும் நம் தொழில்



மளிகைக் கடைக்கு வருகிறவர் நம் கிடங்கைப் பார்ப்பதில்லை, பேரேட்டைப் பார்ப்பதில்லை. பருப்பு நிறுக்கும் அந்த அரை நிமிடத்தில் நம் கையையும் தராசையும்தான் பார்க்கிறார். மனம் நிறைந்தால் அடுத்த மாதச் சாமான் சீட்டும் நம்மிடமே வரும். நிறையாவிட்டால் அவர் சண்டைக்கு வரமாட்டார். சொல்லாமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே எடை போடுவதில் நாம் கவனிக்க வேண்டிய சிறு விஷயங்களை இங்கே பார்ப்போம்.

1. பூஜ்யம்: பொருளை வைக்கும் முன் மின்னணுத் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மேஜை சாய்ந்திருந்தாலும், மின்விசிறிக் காற்று தட்டில் பட்டாலும் எண் மாறும். வாடிக்கையாளர் பக்கம் உள்ள எண்பலகையை மிட்டாய் ஜாடி வைத்து மறைக்கலாகாது. மறைந்திருந்தால், எடை சரியாக இருந்தாலும் சந்தேகம் வரும்.

2. பையின் எடை: ஏலக்காய் 25 கிராம் கேட்பவருக்கு 2 கிராம் பையோடு சேர்த்து நிறுத்தால், நூற்றுக்கு 8 பங்கு குறைத்துக் கொடுத்ததாக ஆகிறது. அதே 2 கிராம் ஒரு கிலோ அரிசியில் ஆயிரத்துக்கு 2 பங்குதான். விலை கூடிய சரக்கைத்தான் மக்கள் குறைந்த அளவில் வாங்குகிறார்கள். எனவே அங்கேதான் கவனம் அதிகம் தேவை. காலிப் பையை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும். இன்று பல வீடுகளில் சமையலறைத் தராசு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

3. முத்திரை: 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகளின்படி மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையும், எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறையும் மறுமுத்திரை பெற வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். அதிகாரிக்காக மட்டுமல்ல, வாடிக்கையாளருக்காகவும்தான்.

4. காகிதம்: 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. உடனே சிலர் பழைய செய்தித்தாளுக்குத் திரும்பினர். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் மடிப்பதற்கும் உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை உள்ளது. அச்சு மையில் உள்ள ஈயம் போன்றவை உணவில் சேரும். அச்சிடாத காகிதப் பையில் கொடுப்பதே முறை.

இவை எல்லாம் முதலாளிக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. நாம் இல்லாத நேரத்திலும் கடை ஊழியர் அப்படியே செய்ய வேண்டும். காலையில் கடை திறந்ததும் ஒரு முத்திரைக் கல்லை வைத்து மின்னணுத் தராசைச் சரிபார்க்கும் வழக்கத்தை அவர்களுக்குப் பழக்கிவிடலாம்.

மொத்த வியாபாரிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. சாக்கின் எடையைக் கழித்து மூட்டை கொடுத்தால்தான் சில்லறைக் கடைக்காரர் நேராக நிறுக்க முடியும். நாம் அங்கே குறைத்தால், அவர் யாரிடம் ஈடு செய்வார்?

பெரிய கடைகள் குளிர்சாதன வசதி தரலாம், தள்ளுபடி தரலாம். கண்ணெதிரே நேராக நிறுத்துக் கொடுக்கும் கை நம்மிடம் இருக்கும்வரை, தெருமுனைக் கடைக்கு வாடிக்கை குறையாது.