கோதுமை மணியில் மாச்சத்துத் திரளும் விதம்

பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளரும், பயிர் பால் பிடிப்பதைப் பார்த்து நிற்கும் விவசாயியும் ஒரே பொருளைப் பற்றியே கவலை கொள்கின்றனர். அதுவே மாச்சத்து. ஒரு மாவின் கஞ்சி ஆறியதும் கட்டியாக இறுகுவதையும், மற்றொன்றின் கஞ்சி இழுபடும் பசையாகவே நிற்பதையும் நம் அங்கத்தினர்கள் கண்டிருப்பர். அதன் காரணம் பானையில் இல்லை, விதையில் இருக்கிறது. கோதுமையை உதாரணமாகக் கொண்டு அதனை ஆராய்வோம்.

கோதுமை மணியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாச்சத்தே. இலைகள் சமைக்கும் சர்க்கரை கதிருக்கு வந்து, மணிக்குள் குளுகோஸ் கண்ணிகளாக மாறி, ஒன்றோடொன்று கோக்கப்படுகிறது. கோக்கும் முறை இரண்டு. பெரும்பாலும் நேராக நீளும் இழை அமைலோஸ். கிளைகள் நிறைந்த புதர் போன்றது அமைலோபெக்டின். சாதாரணக் கோதுமையில் முன்னது சுமார் 25 சதவீதம். பின்னது 75 சதவீதம். ஆறியதும் கஞ்சியை இறுகச் செய்வது நேர் இழை. இழுபடும் பசையைத் தருவது புதர்.

இவற்றைக் கோக்கும் வேலையாட்கள் என்ஸைம்கள். ஒவ்வொரு என்ஸைமையும் உண்டாக்கும் கட்டளை ஒரு மரபணுவில் அடங்கியுள்ளது. நேர் இழைக்குரிய என்ஸைம் இல்லாது போனால், மணியில் புதர் மட்டுமே திரளும். நெல்லில் அத்தகைய மரபணு ஒன்றே. அது பழுதுபட்டதால் ஒட்டும் அரிசி வகைகள் தோன்றின. சோளத்திலும் மக்காச்சோளத்திலும் இத்தகைய வகைகள் உண்டு. ஆனால் ரொட்டிக் கோதுமையில் மட்டும் ஒட்டும் வகை நெடுங்காலம் அகப்படவில்லை. ஏன்?

ரொட்டிக் கோதுமை மூன்று வெவ்வேறு புல்லினங்களின் குரோமோசோம் தொகுதிகளைச் சுமந்து நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு மரபணுவுக்கும் மூன்று பிரதிகள். ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் அதன் வேலையைச் செய்துவிடும். குறை வெளியே தெரியாது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் சோம்பியிருந்தாலும் வீடு நடப்பதைப் போன்றது இது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் மணிகளின் புரதங்களைப் பிரித்துப் பார்த்து, காண்டோ 107 என்ற ரகத்தில் இரு பிரதிகளும், பாய்ஹுவோ என்ற சீன ரகத்தில் மூன்றாவது பிரதியும் செயலற்றிருப்பதைக் கண்டனர். இரண்டையும் கலப்பினம் செய்தனர். இரண்டாம் தலைமுறையில் ஒரு பிரதி இரு பக்கமும் கெட்டிருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மூன்றும் கெட்டிருக்க அறுபத்து நான்கில் ஒன்று. அந்த அபூர்வ விதையைப் பொறுக்கியெடுத்து, அமைலோஸ் அற்ற கோதுமையை 1995-இல் உலகறியச் செய்தனர். ஊடோன் என்னும் ஜப்பானிய மாவு இழை உணவுக்கோ ஒரு பிரதி மட்டும் கெட்ட கோதுமையே மென்மை தருகிறது. முழுக் குறையைக் காட்டிலும் அளவான குறையே அங்கு விலை பெறுகிறது.

அங்கத்தினர்கள் இதனைத் தாமே சோதிக்கலாம். மாவைக் கரைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் திராவகம் ஒரு சொட்டு விட்டால், சாதாரண மாச்சத்து கருநீலமாகும். அமைலோஸ் அற்றது செம்பழுப்பாகவே நிற்கும்.

எதிர்த்திசையிலும் முயற்சி உண்டு. கிளை விடச் செய்யும் என்ஸைமை அடக்கினால் நேர் இழை பெருகும். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2006-இல் அமைலோஸ் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட கோதுமையை அறிவித்தனர். இது குடலில் எளிதில் செரிக்காததால், உண்டபின் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. ஆயினும் கிளை என்ஸைம் குன்றினால் மொத்த மாச்சத்தும் குறையக்கூடும். மெண்டல் ஆராய்ந்த சுருங்கிய பட்டாணியின் இரகசியமும் இதுவே: அதன் கிளை என்ஸைம் மரபணுவில் வேறொரு துண்டு புகுந்து அதனைக் கெடுத்திருப்பது 1990-இல் வெளியாயிற்று. மாச்சத்துக் குறைந்து, சர்க்கரையும் நீரும் மிகுந்த மணி காயும்போது சுருங்கிவிடுகிறது.

இனி விவசாயி கவனிக்க வேண்டியது. நல்ல மரபணு இருந்தால் மட்டும் போதாது. என்ஸைம் வேலை செய்யத்தக்க வெப்பமும் வேண்டும். மாச்சத்தைக் கோக்கும் கரையும் என்ஸைம் 25 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் தளரத் தொடங்குகிறது. இலையில் சர்க்கரை இருந்தும் மணி நிறையாது. 2022 மார்ச்சு மாதம் இந்தியாவில் என்றுமில்லா வெப்பம் அடித்தபோது, வட மாநிலங்களில் மணி பிடிக்கும் தருணத்திலிருந்த கோதுமை சுருங்கியது. அவ்வாண்டு மே மாதம் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. மணி சூம்பிவிட்டால் விதையைக் குறை கூறுவது நம்மிடையே வழக்கம். பூத்த பின் எத்தனை நாள் வெப்பம் அடித்தது என்பதையும் குறித்து வைப்பதே நேர்மை என்பது எம் கருத்து. நவம்பரில் விதைத்தவரின் பயிர் வெப்பத்துக்கு முன்பே மணி நிரப்பிக்கொள்ளும். டிசம்பர் இறுதிக்குத் தள்ளியவரின் பயிரோ பால் பிடிக்கும் போதே வெயிலில் அகப்படும்.